கழிவு விற்பனையா, கொழும்புக் கண்காட்சியா, நூல் வெளியீடா? மட்டக்களப்பில் புத்தகம் வாங்கச் சேர்த்த காசை எங்கே செலவழிப்பது

எங்கள் வீட்டிலிருந்து கல்லடிப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் புத்தகக்கடை இருக்கிறது. முன்பக்கம் கொப்பி, பேனை, பரீட்சை வினாத்தாள்கள். உள்ளே போனால் இரண்டு சுவர் நிறைய இலக்கியமும் வரலாறும். போன கிழமை அதன் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பத்து நாள் கழிவு விற்பனை, செப்டெம்பரிலும் நவம்பரிலும் நூல் வெளியீடு, ஒக்டோபரில் வாசிப்பு மாதக் கண்காட்சி.

அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி, 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். நாவலும் கவிதையும் வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரண்டு பிள்ளைகளின் அம்மா ஒருவர். மூன்றாமவர் என்னோடு படிப்பிக்கும், பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சர். இப்போதே வாங்குவதா, செப்டெம்பரில் கொழும்புக் கண்காட்சிக்குப் போவதா, சென்னையிலிருந்து யாராவது கொண்டுவரும்வரை பொறுப்பதா? பல வருடமாக இந்த எல்லா வழியிலும் வாங்கியிருக்கிறேன். மூவருக்கும் மூன்று விதமாகத்தான் பதில் சொன்னேன்.

முதலில் எதை வைத்து அளப்பது

கழிவு எத்தனை வீதம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தமிழ்நாட்டில் அச்சான புத்தகத்துக்கு, இந்திய விலையை எத்தனையால் பெருக்குகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பின் அட்டையில் இந்திய விலை அச்சாகியிருக்கும். அதன் மேலோ பக்கத்திலோ நம் கடையின் விலை ஒட்டியிருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு. இந்திய விலை 300 ரூபாய் என்று வைப்போம். நாணய மாற்றில் இந்திய ரூபாய் ஒன்று ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்றால், புத்தகம் 1,050 ரூபாய். ஆனால் கடை அந்த விலைக்கு விற்க முடியாது. கப்பல் கூலி, கொழும்பில் இறக்குமதி செய்பவரின் இலாபம், அங்கிருந்து லொறி, விற்காமல் தங்கும் பிரதிகளின் நட்டம் எல்லாம் அதற்குள் வரவேண்டும். ஐந்தால் பெருக்கினால் 1,500. அதில் 20 வீதம் கழித்தால் 1,200. இன்னொரு கடை நாலரையால் பெருக்கி 10 வீதம் மட்டும் கழித்தால் 1,215. பதினைந்து ரூபாய்தான் வித்தியாசம். 20 வீதம் என்ற எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெருக்கும் எண் தெரியாமல் அது மலிவா என்று சொல்ல முடியாது.

2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் இந்திய ரூபாய் இரண்டரைச் சொச்சத்திலிருந்து நாலரைக்கு மேலே போனது. அந்த மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அதற்கு முன் வந்த புத்தகங்களில் சிலவற்றில் பழைய விலை ஒட்டியபடியே இருக்கும். அந்த நேரம் வந்தவற்றில் உச்ச விலை. ஒரே தட்டில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

விலைக்கு அடுத்து வேறு நான்கு விடயங்களைப் பார்க்கிறேன். நான் தேடும் புத்தகம் அங்கே இருக்குமா? எப்போது தேவை? புரட்டிப் பார்த்து வாங்கலாமா, பிழை இருந்தால் மாற்றலாமா? என் காசு யாரிடம் போய்ச் சேருகிறது? கடைசிக் கேள்வியை வெறும் உணர்ச்சி என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அது கணக்கில் சேரும். கல்லடியில் அந்தக் கடை மூடிவிட்டால், பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் தபால் செலவு கட்டுவது நான்தான்.

அயல் கடையின் கழிவு விற்பனை

இதற்கு நடந்தே போகலாம், இரண்டு மூன்று தரமும் போகலாம். அதுதான் இதன் பலம். முதல் நாள் பார்த்து, இரவு யோசித்து, மறுநாள் வாங்கலாம். பழக்கமான கடை என்றால் மறைத்து விலை பேச வேண்டியதில்லை.

கழிவு எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அளவு அல்ல. தாளில் "50 வீதம் வரை" என்று இருந்தால் அந்த ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதி விலைக்கு வருவது நெடுநாள் தங்கியவை. புதிதாக வந்தவற்றுக்கு 10 வீதம் கிடைத்தாலே நல்லது. கொப்பிக்கும் வினாத்தாளுக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை, ஏனென்றால் அவற்றில் கடைக்காரருக்கு மிஞ்சுவதே சொற்பம்.

இதன் மறைந்த செலவு பரீட்சைப் புத்தகங்களில் இருக்கிறது. கழிவு மேசையில் வழிகாட்டி நூல் கிடந்தால் ஏன் கிடக்கிறது என்று கேளுங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் அது இலவசமாகக் கிடைத்தாலும் பிள்ளைக்கு இடைஞ்சல்தான். அரசாங்கப் பாடநூல் எப்படியும் இலவசம், 1980இலிருந்து கொடுக்கிறார்கள். ஆகவே வெளியே வாங்கும் வழிகாட்டி புதிதாக இருந்தால்தான் அதற்குக் கொடுக்கும் காசுக்குப் பயன்.

அடுத்தது ஈரம். நம் ஊரில் கடற்காற்றும் மாரி மழையும் புத்தகத்துக்கு எதிரி. அடித்தட்டில் நெடுநாள் இருந்ததை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பூஞ்சண மணம் வந்தால் வேண்டாம்; வீட்டு அலுமாரியில் வைத்தால் மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். முதுகுப் பக்கம் விரித்து, பூச்சி துளைத்த சின்ன ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறுவர் படக்கதைகள், நீங்கள் முன்பே பெயர் குறித்து வைத்த பழைய நாவல்கள், அகராதிகள் என்றால் கழிவு விற்பனைக்கு மேல் ஒன்றுமில்லை. குறிப்பாக அகராதி. இரண்டு கிலோ பாரத்தை எங்கிருந்தும் சுமந்துவரத் தேவையில்லை.

செப்டெம்பரில் கொழும்புக் கண்காட்சி

1999இலிருந்து நடக்கும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சி, பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் செப்டெம்பரில் கூடுகிறது. ஒருமுறையாவது போகவேண்டும். பிள்ளைகள் தரையில் இருந்து புத்தகம் பார்ப்பதையும், குடும்பம் குடும்பமாகப் பைகளோடு போவதையும் கண்டால் மனம் நிறையும். நூற்றுக்கணக்கான அரங்குகள் இருந்தாலும் பெரும்பாலானவை சிங்களமும் ஆங்கிலமும். தமிழுக்கு உரியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும், மட்டக்களப்புக் கடைக்கு வராத பல தலைப்புகள் நிற்கும் என்பது உண்மை.

சரி, கணக்கு. அங்கே நாலரையால் பெருக்கி 20 வீதம் கழிக்கிறார்கள் என்று வைத்தால் 300 இந்திய ரூபாய்ப் புத்தகம் 1,080. நம் கடைக் கழிவில் 1,200. ஒரு புத்தகத்தில் 120 ரூபாய் மிச்சம். கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கடைசியாக நான் போனபோது போகவர பஸ், ஓட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் ஆனது. அந்த 7,000ஐ மீட்க 59 புத்தகம் வாங்க வேண்டும். 59 புத்தகத்தைச் சுமந்து இரவு பஸ் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் அனுபவித்தே சொல்கிறேன். ஒருமுறை அங்கே வாங்கிய தடித்த நாவலை வீட்டுக்கு வந்து வாசித்தால், நடுவில் பதினாறு பக்கம் இல்லை. கட்டும்போது ஒரு பாரம், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் கட்டு, விடுபட்டிருக்கிறது. விற்ற அரங்குக்குத் தொலைபேசி எடுத்தேன். கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பதினாறு பக்கத்துக்காக யார் கொழும்புக்குப் போவது? அந்தக் கதையில் அவள் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் கடையில் இப்படி நடந்தபோது மறுநாளே வேறு பிரதி எடுத்துத் தந்தார்கள்.

கொழும்புக்கு வேறு வேலையாகப் போகிறவர்களுக்கும், வெள்ளவத்தைப் பக்கம் உறவினர் வீட்டில் தங்க முடிந்தவர்களுக்கும், ஆங்கிலப் புத்தகமோ சிங்களப் புத்தகமோ தேடுபவர்களுக்கும் கண்காட்சி நல்ல தெரிவு. ஐந்தாறு தமிழ் நாவலுக்காக மட்டும் போவதென்றால், புத்தகத்துக்கு ஒதுக்கிய காசு பஸ்ஸுக்குப் போய்விடும்.

கடையில் நடக்கும் நூல் வெளியீடு

நூல் வெளியீட்டை யாரும் விற்பனையாகக் கணக்கெடுப்பதில்லை. எனக்கோ கதவில் ஒட்டியிருந்த தாளில் மிக முக்கியமான வரி அதுதான்.

கிழக்கில் ஒரு கவிதைத் தொகுதியோ ஊர் வரலாறோ வந்தால் 300, 500 பிரதி அச்சிடுகிறார்கள். பெரும்பாலும் எழுதியவர் தன் காசில் போடுவார். வெளியீட்டன்று நூறு, நூற்றைம்பது பிரதி போகும். பிறகு சில நூலகங்களுக்கு, சில நண்பர்களுக்கு, இரண்டு மூன்று கடைகளுக்கு. மிச்சம் அவர் வீட்டு மேசைக்குக் கீழே பெட்டியில் கிடக்கும். ஐந்து வருடம் கழித்து ஆய்வுக்குத் தேடிப் போனால் எழுத்தாளரிடமே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கும். சென்னைப் புத்தகம் அடுத்த வருடமும் வரும், அதற்கு அடுத்த வருடமும் வரும். ஆரையம்பதிக் கூத்தைப் பற்றியோ, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல் சொற்களைப் பற்றியோ எழுதிய சின்ன நூல் இன்னொரு தரம் வராது. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் இந்தக் கரையில் எத்தனை வீட்டுப் புத்தகங்கள் தண்ணீரோடு போயின என்று எண்ணிப் பார்த்தால், இப்போது வருவதை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

விலை விடயத்தில் ஒரு கூச்சம் பலருக்கு உண்டு. மேடைக்கு அழைத்துப் பிரதி கொடுப்பார்கள், கடித உறையில் காசு வைத்துக் கொடுப்பது வழக்கம். புத்தக விலை 800 என்றால் ஆயிரம் வைப்பவரும் உண்டு, ஐயாயிரம் வைப்பவரும் உண்டு. கையில் அவ்வளவு இல்லையே என்று பல இளைஞர்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கூட்டம் முடிந்த பிறகு வாசலில் உள்ள மேசையில் அச்சிட்ட விலைக்கே வாங்கலாம். எழுதியவரின் கையெழுத்தும் கிடைக்கும், நாலு வார்த்தை பேசவும் முடியும். கடையில் நடக்கும் வெளியீடு என்றால் மண்டபக் கூட்டத்தைவிடச் சின்னது, முப்பது நாற்பது கதிரைதான்.

செலவு நேரம்தான். நாலு மணிக்கு என்று போட்டால் நாலரைக்குத் தொடங்கும், வாழ்த்துரைகள் நீளும். நான் நூல் விமர்சன உரையைத் தவறவிடுவதில்லை, மற்றவற்றுக்கு நேரத்தைப் பார்த்துப் போவேன்.

ஒக்டோபர் வாசிப்பு மாதம்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பொது நூலகங்களிலும் பாடசாலைகளிலும் கண்காட்சி வைப்பார்கள், எங்கள் கடையும் மேசை போடும். தெரிவு குறைவு. கழிவு ஓகஸ்டில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு இதுதான் பெரிய உதவி, ஏனென்றால் கடை அங்கேயே வருகிறது. பிள்ளை தானே தொட்டு, தானே தெரிந்து, தன் கையால் காசு கொடுத்து வாங்கும். கண்காட்சி நாளை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கேட்டு வைத்து, பிள்ளையிடம் 500 ரூபாய் கொடுத்து அனுப்புங்கள். மழை தொடங்கும் காலம், நல்ல பொலித்தீன் பையும் சேர்த்து.

ஜனவரியில் சென்னையிலிருந்து

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. பொங்கலையொட்டி, அண்மைக் காலமாக நந்தனத்தில். அரங்குகளில் 10 வீதம் கழிவு. 300 ரூபாய்ப் புத்தகம் 270க்கு வந்தால் நம் காசில் 945. இங்கே சொன்ன விலைகளில் இதுதான் ஆகக் குறைவு.

கொண்டுவருவதுதான் சிக்கல். முந்நூறு பக்க நூல் ஒன்று நானூறு கிராம் வரும். போகிறவரின் பெட்டியில் ஐந்து கிலோ இடம் கேட்டால் பன்னிரண்டு புத்தகம். அவருக்கும் சாமான் இருக்கும், அவருடைய மாமிக்கும் சேலை இருக்கும். தபாலில் எடுத்தால் நிறைக்குக் காசு, மிச்சம் பிடித்ததை அதுவே தின்றுவிடும். அதைவிட, பிறரிடம் சொல்லி வாங்கினால் புரட்டிப் பார்க்க முடியாது. பதிப்பு மாறி வந்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. இங்கே எந்தக் கடையிலும் இல்லை என்று உறுதியான பிறகு, நாலைந்து தலைப்புக்கு மட்டும் இந்த வழி.

ஒரே பார்வையில்

| | கடையின் கழிவு விற்பனை | கொழும்புக் கண்காட்சி | கடையில் நூல் வெளியீடு | வாசிப்பு மாதம் | சென்னையிலிருந்து |
|---|---|---|---|---|---|
| 300 இந்திய ரூபாய்ப் புத்தகம் (என் கணக்கில்) | 1,200 | 1,080 | பொருந்தாது | 1,350 வரை | 945 |
| மேலதிகச் செலவு | இல்லை | ஏறக்குறைய 7,000 | ஒரு மாலை | இல்லை | நிறைக்கான கூலி அல்லது பிறரின் பெட்டி இடம் |
| பிழைப் பிரதி மாற்ற | எளிது | கடினம் | எளிது | எளிது | முடியாது |
| நம் ஊர் நூல்கள் | சில | மிகக் குறைவு | இங்கேதான் | சில | இல்லை |
| யாருக்கு | சிறுவர் நூல், அகராதி, பழைய நாவல் | ஆங்கிலம், சிங்களம், வேறு வேலையாகப் போவோர் | கிழக்கின் எழுத்தைத் தேடுவோர், ஆய்வாளர் | பாடசாலைப் பிள்ளைகள் | வேறெங்கும் கிடைக்காதவை |

மூவருக்கும் சொன்னது

வந்தாறுமூலைத் தம்பியிடம் 15,000ஐ மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். 6,000 ரூபாய்க்குக் கழிவு விற்பனையில் ஐந்து நாவல் வரும். 3,000 இரண்டு வெளியீட்டுக்கும். மிச்சம் 6,000ஐயும் ஒரு பெயர்ப் பட்டியலோடு கடைக்காரரிடம் முன்காசாகக் கொடுக்கலாம். இந்த வழி தாளில் எழுதியிருக்கவில்லை, கேட்டால்தான் தெரியும். செப்டெம்பரில் எங்கள் கடைக்காரர் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போவார். "ரீச்சர், லிஸ்ட்டத் தாங்க, போகக்குள்ள பார்த்து எடுத்துக்கொண்டு வாறன்" என்று அவரே என்னிடம் கேட்டிருக்கிறார். முன்காசு கொடுத்தவருக்குக் கழிவு விற்பனையில் கொடுக்கும் அதே கழிவைத் தருகிறார், பஸ் செலவும் மிச்சம். பழைய ஈழத்து நூல்களை வாங்கத் தேவையே இல்லை. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஏராளமாக இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றை அங்கே வாசித்துவிட்டு, காசைப் புதியவர்களுக்கு வையுங்கள் தம்பி என்றேன்.

கொக்கட்டிச்சோலை அம்மாவுக்கு ஓகஸ்டில் ஒரே ஒரு பயணம் போதும். மண்முனைப் பாலத்தால் வந்து போக அரை நாள். சின்னவனுக்குப் படக்கதையும் ஒரு தமிழ் அகராதியும் அன்றைக்கு எடுக்கலாம். மூத்தவளின் வினாத்தாள் புத்தகத்துக்குக் கழிவு வரும் என்று காத்திருக்க வேண்டாம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதப் பயிற்சி போய்விடும்.

நூலக ரீச்சருக்குக் கொழும்பு சரிவராது. பாடசாலைக் காசுக்கு விலைக்கோரல் வேண்டும், ஒழுங்கான பற்றுச்சீட்டு வேண்டும், அனுமதி வரும்வரை விலையை மாற்றாமல் வைத்திருக்கும் கடை வேண்டும். கண்காட்சி அரங்கில் நின்றுகொண்டு அதெல்லாம் செய்ய முடியாது. ஒக்டோபர் கண்காட்சிக்கு எங்கள் பாடசாலைக்கு வரும் கடையிடமே நூலகப் பட்டியலையும் கொடுத்து, மொத்தமாக எடுத்தால் என்ன கழிவு என்று எழுத்தில் வாங்கச் சொன்னேன். வெளியீட்டுக்கும் அவர் வரவேண்டும். நம் ஊர் எழுத்தாளர்கள் பாடசாலை நூலகத்துக்கு என்று கேட்டால் ஒரு பிரதியை விலையில்லாமல் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது பிரதியைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்றேன்.

பட்டியல் கொடுக்கப் போகிறவர்கள் புத்தகத்தின் பெயரோடு பதிப்பகத்தின் பெயரையும், எத்தனையாம் பதிப்பு என்பதையும், நீங்கள் கொடுக்க இயலுமான ஆகக்கூடிய விலையையும் எழுதுங்கள். கடைக்காரர் கொழும்புக்குப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பாவது அது அவர் கையில் இருக்க வேண்டும்.